பாரம் கேட்கும் நாண்

மாட்டை அறுத்துத் தோல் உரித்தபின் கொக்கியில் ஏற்ற வேண்டும். கொக்கியை எங்கே மாட்டுவது என்பதில் கல்முனைப் பக்கத்து இறைச்சிக் கடைக்காரர் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை. பின்னங்காலில், எலும்புக்கும் அதன் பின்னால் ஓடும் வெள்ளை வாருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. கொக்கி அதற்குள் நுழையும். அதன்பிறகு அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும், விற்றுத் தீரும்வரை, விரல் தடிப்பான அந்த வாரில்தான் தொங்கும். இறைச்சியில் கொக்கி போட்டால் கிழிந்துவிடும். கொழுப்பில் போட்டால் வழுக்கிவிடும். வார் மட்டும் அசையாது. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சி பங்கு போடும் வீடுகளில் கத்திக்கு மசியாத இந்த வெள்ளைத் துண்டை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். கால் சூப்பில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால்தான் இளகிப் பசையாகும்.

அந்த வார்தான் தசைநாண். மாட்டில் மட்டுமல்ல, நமது குதிகாலுக்கு மேலும் அதே இடத்தில் அதே பொருள் இருக்கிறது. தசைக்குச் சுருங்க மட்டுமே தெரியும். அந்தச் சுருக்கத்தை எலும்புவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நாண். தசை நேரடியாகவே எலும்பில் ஒட்டிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கு நமது விரலே பதில் சொல்லும். வலது முன்கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு வலது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பாருங்கள். துடிப்பது முன்கைதான். விரலை மடக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. முன்கையில் இருக்கும் தசைகளிலிருந்து ஒன்பது நாண்கள் புறப்பட்டு, மணிக்கட்டின் ஒடுங்கிய பாதை ஒன்றுக்குள் நெருக்கியடித்து நுழைந்து, நான்கு விரல்களுக்கும் பெருவிரலுக்கும் பிரிந்து போகின்றன. தசைகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நாணை மட்டும் அனுப்பிய இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், மருதமுனைத் தறியில் அறுந்த பாவு நூலைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடும் மெல்லிய விரல் எவருக்கும் வாய்த்திருக்காது.

சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுக்கிற கயிற்றின் நுனி அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நாணின் உட்கட்டைச் சொல்வது எளிது. பெருங்கயிற்றுக்குள் புரிகள், புரிக்குள் நூல்கள், நூலுக்குள் இழைகள். நாணும் அப்படித்தான், கட்டுக்குள் கட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆகக் கடைசியில் வருவது கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட இந்த மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 300 நனோமீற்றர், தடிப்பு 1.5 நனோமீற்றர். மூலக்கூறுகள் பக்கத்தில் இருப்பவற்றோடு குறுக்குப் பிணைப்புகளால் கோத்துக்கொண்டு நுண்ணிழையாகின்றன. நுண்ணிழைகள் சேர்ந்தால் நார், நார்கள் சேர்ந்தால் கற்றை. கற்றைகளுக்கு இடையே ஓடும் மெல்லிய உறைகளின் வழியாகத்தான் கொஞ்சம் இரத்தமும் நரம்பும் உள்ளே போகின்றன. நாணின் எடையில் பாதிக்கு மேல் நீர். நீரை வற்றவைத்துவிட்டால் மிஞ்சுவதில் 60 முதல் 85 சதவீதம் வரை கொலாஜன்தான்.

சும்மா இருக்கும் நாணில் இந்த நார்கள் நேராக இருப்பதில்லை, நெளிந்து கிடக்கும். இழுத்ததும் முதலில் நெளிவு நிமிரும். ஏறத்தாழ 2 சதவீதம் நீளும்வரை நடப்பது அது மட்டுமே. அதற்குப் பிறகுதான் நார்கள் உண்மையில் விறைத்துப் பாரம் தாங்கத் தொடங்கும். 4 சதவீதத்தைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழும். 8 அல்லது 10 சதவீதத்தில் நாண் அறுந்தே போகும். இந்த இடைவெளி மிகச் சிறியது. ஆனால் அதற்குள் தாங்கும் பாரம் மலைக்க வைக்கிறது. ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்கு வெட்டுள்ள நாண் 5 முதல் 10 கிலோ வரை தாங்கும். ஃபின்லாந்து ஆய்வாளர் பாவோ கோமி, மனிதரின் குதிகால் நாணைச் சுற்றி ஒரு சிறு அளவுகருவியைப் பொருத்தி ஓடவிட்டுப் பார்த்தார். வேகமாக ஓடும்போது அந்த நாணில் விழும் இழுவை உடல் எடையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் போனது. 70 கிலோ ஆளுக்கு அது 800 கிலோவைத் தாண்டும்.

ஓடுகிறவரின் நாண் பாரத்தைக் கடத்துவதோடு நின்றுவிடுவதில்லை. கால் தரையில் ஊன்றும்போது நீண்டு சக்தியைச் சேமித்து, கால் எழும்பும்போது திருப்பிக் கொடுக்கிறது. வாங்கியதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது. வெப்பமாக வீணாவது சொற்பம். இந்தச் சிக்கனத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒட்டகத்தின் பின்னங்காலுக்குப் போகவேண்டும். பிரித்தானிய விலங்கியலாளர் மக்னீல் அலெக்சாண்டர் 1980களின் தொடக்கத்தில் அதை ஆராய்ந்தார். அங்கே ஒரு தசையில் தசைநார்கள் அநேகமாக இல்லாமலே போய், தொடையெலும்பின் அடியிலிருந்து விரல்வரை வெறும் நாணே ஓடுகிறது. தசை இருந்தால் அதற்குத் தீனி போடவேண்டும். நாணுக்கு அந்தச் செலவு இல்லை. பாலைவனத்தில் நெடுந்தூரம் நடக்கும் பிராணிக்கு இதைவிடத் தோதான கால் கிடைத்திருக்காது.

கயிற்றுக்கும் நாணுக்கும் உள்ள ஒற்றுமை இவ்வளவுதான். கயிறு தேய மட்டுமே செய்யும். நாணுக்குள்ளோ, நார்களுக்கு நடுவே, வரிசை வரிசையாக மெலிந்த கலங்கள் உயிரோடு இருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இழுவையை உணரும். நார் இழுபடும்போது அவையும் இழுபட்டு, கொலாஜனைச் செய்வதா, வெட்டி அகற்றுவதா என்று முடிவெடுக்கின்றன. முறையாகப் பாரம் ஏற்றிக்கொண்டு போனால் நாண் விறைப்பாகும், சற்றுத் தடிக்கவும் செய்யும். பாரமே இல்லாமல் கட்டிப்போட்டால் சில வாரங்களிலேயே தளரும். இந்த ஒரு குணம்தான் நாண் வருத்தங்களின் வைத்தியத்தைக் கடந்த முப்பது ஆண்டுகளில் தலைகீழாக மாற்றியது. அதற்கு வருமுன் நாணின் வயதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1955இலிருந்து 1963வரை வல்லரசுகள் திறந்த வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் காபன்-14இன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. பிறகு ஆண்டுக்காண்டு குறைந்து வந்தது. நாம் உண்ணும் சோற்றின் வழியாக அது உடலுக்குள் வந்து இழையங்களில் பதிகிறது. ஆகவே ஓர் இழையத்தில் உள்ள காபன்-14ஐ அளந்தால் அது எந்த ஆண்டில் உருவானது என்று கணிக்கலாம். டென்மார்க்கில் கட்யா ஹைனமையர் குழுவினர் பல வயதினரின் குதிகால் நாண்களை இப்படி அளந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் நடுப்பகுதியில் இருந்த அளவு, அந்த மனிதர்கள் பதினேழு வயதுவரை வளர்ந்த காலத்தில் காற்றில் இருந்த அளவோடு பொருந்திப்போனது. அதே ஆட்களின் தசை பலமுறை புதுப்பிக்கப்பட்டிருந்தது. நாணின் நடு மட்டும் அப்படியே இருந்தது. அறுபது வயதில் கரைவலை இழுக்கும் ஒரு காக்காவின் குதிகாலுக்குள் இருப்பது அவர் பள்ளிக்கூடம் போன காலத்து நாண்தான்.

சீனி வருத்தக்காரர்களுக்கு இந்தத் தகவல் வேறு விதத்தில் முக்கியம். இரத்தத்தில் மிதமிஞ்சி ஓடும் குளுக்கோசு கொலாஜனில் ஒட்டி, தேவையற்ற பிணைப்புகளை உண்டாக்குகிறது. அடிக்கடி புதுப்பிக்கப்படும் இழையமாக இருந்தால் அந்தக் கறை கழிந்துபோகும். மாறாத கொலாஜனில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். நாண் தடித்து நெகிழ்வை இழக்கும். தோள்மூட்டு இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போவதும், காலையில் எழும்பும்போது விரல் மடங்கியபடி மாட்டிக்கொண்டு டக்கென்று நிமிர்வதும் நீரிழிவுக்காரரிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சீனி கிளினிக்கில் கண்ணையும் காலையும் பார்க்கிறார்கள். தோளையும் விரலையும் பற்றி நாமாகவே வாய்திறந்து சொல்வது நல்லது. சிப்ரொஃப்ளொக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நாண் அறும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் கடும் எச்சரிக்கை விடுத்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டெரொயிட் எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அந்தக் குளிசை குடிக்கும் நாட்களில் குதிகாலில் புதிதாக நோவு கண்டால் வைத்தியரிடம் உடனே சொல்லவேண்டும்.

இனி, தேய்ந்து வரும் வருத்தம். மாரிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வலை வாடியிலேயே கிடக்கும். கடல் அடங்கி முதல் வலை வளைத்த அன்றே ஆட்கள் முழுப் பலத்தோடு இழுப்பார்கள். தசைக்கு அது சில நாள் உளைவு, பிறகு பழகிவிடும். நாண் பழக மாதங்கள் எடுக்கும். வேளாண்மைக் காலத்தில் கொத்து வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரே மூச்சில் ஒரு வீட்டுச் சுவர் முழுக்கப் பூசுகிற மேசனின் முழங்கைக்கும் இதே கதிதான். பிள்ளை பெற்ற புதிதில் தாய்மாருக்குப் பெருவிரலின் அடியில் மணிக்கட்டில் வரும் நோவும் இந்த வகை. குழந்தையை இரு கையாலும் அள்ளித் தூக்கும்போது பெருவிரல் நாண்கள் தமது ஒடுங்கிய உறைக்குள் உராய்கின்றன. சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் டி குர்வேன் 1895இல் விவரித்ததால் இந்த நோவு அவர் பெயரால் வழங்கப்படுகிறது. தேங்காய் திருவும்போதும் துணி பிழியும்போதும் உயிர் போகும். பெருவிரலை உள்ளே வைத்துக் கையைப் பொத்தி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் அந்த இடத்தில் சுரீரென்று நோகும்.

இப்படி நாட்பட்ட நாணை நுண்ணோக்கியில் பார்த்தபோது வைத்திய உலகம் எதிர்பார்த்தது அழற்சியை. வீக்கக் கலங்கள் நிறைந்திருக்கும், அவற்றை அடக்கினால் போதும் என்றுதான் எண்ணியிருந்தார்கள். 1970களிலிருந்து வந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. அழற்சிக் கலங்கள் மிகக் குறைவு. கொலாஜன் நார்கள் ஒழுங்கு குலைந்து, இடையில் நீர் கோத்து, இருக்கக்கூடாத இடங்களில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. திருத்த வேலை தொடங்கி, முடிவுபெறாமல் இழுபட்டுக் கிடந்தது. அழற்சியை அடக்கும் ஊசி இத்தகைய நாணுக்கு ஏன் நீண்ட காலம் உதவவில்லை என்பது இதனால் விளங்கும். முழங்கை நோவுக்குப் போடும் ஸ்டெரொயிட் ஊசிகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2010இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். முதல் சில வாரங்களில் ஊசி போட்டவர்கள் நன்றாக இருந்தார்கள். மாதங்கள் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே மேலான நிலையில் இருந்தார்கள். அடுத்த வாரம் மகளின் கலியாணம் இருக்கும் ஆளுக்கு ஊசி ஒரு வழி. இன்னும் பத்து வருடம் தறி நெய்யவேண்டிய ஆள் இரண்டு தரம் யோசிக்கவேண்டும்.

மாற்று வழி சுவீடனிலிருந்து வந்தது, அதுவும் தற்செயலாக. ஹோகன் அல்ஃப்ரெட்சன் என்ற எலும்பியல் வைத்தியர் தனது குதிகால் நாண் நோவால் ஓட முடியாமல் தவித்தார். சத்திரசிகிச்சை செய்யச் சொல்லிக் கேட்டபோது மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் இன்னும் மோசமானால் வெட்டித்தானே ஆகவேண்டும் என்ற பிடிவாதத்தில், படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி இறக்கி, நோக நோகப் பயிற்சி செய்தார். மோசமாகவில்லை. நோவு போய்விட்டது. இது அவரே சொல்லும் கதை. 1998இல், சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த பதினைந்து பேருக்கு அதையே முறைப்படுத்திக் கொடுத்தார். காலையும் மாலையும், முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, ஒவ்வொன்றிலும் பதினைந்து தடவை வீதம் மூன்று சுற்று. நாளொன்றுக்கு 180 தடவை, பன்னிரண்டு வாரம். பதினைந்து பேரும் மறுபடி ஓடினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் இத்தனை அழகான பெறுபேறு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. எண்ணிக்கையைக் குறைத்து, பாரத்தைக் கூட்டி, மெதுவாகச் செய்தாலும் அதே பலன் என்றும் தெரியவந்தது. ஆனால் அடிப்படை நிலைத்துவிட்டது. நாட்பட்ட நாணுக்கு மருந்து, அளந்து ஏற்றும் பாரம்.

நம்மூரில் இதைச் சொன்னால் எவரும் இலேசில் ஒத்துக்கொள்வதில்லை. நரம்பு பிரண்டுட்டு என்று எண்ணெய் போட்டு உருவுவார்கள். அல்லது கையை அசைக்கவே கூடாது என்று துணியால் கட்டித் தூக்கிவிடுவார்கள். இல்லையென்றால் நோவைக் கவனிக்காமல் மறுநாளே வலைக்குப் போவார்கள். எண்ணெய் உருவுவதால் சூடும் ஆறுதலும் கிடைக்கும், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மற்ற இரண்டும்தான் நாணைக் கெடுப்பவை. ஒன்றில் கலங்களுக்கு வேலை இல்லை, மற்றதில் வேலை முடியாத அளவு. பயிற்சி செய்யும்போது சற்று நோகலாம். மறுநாள் காலையில் அந்த நோவு பழைய மட்டத்துக்கு இறங்கியிருந்தால் பாரம் சரி, கூடியிருந்தால் பாரம் அதிகம். இயன்மருத்துவர்கள் கையாளும் இந்த அளவுகோல் விலையுயர்ந்த எந்த ஸ்கேனையும்விட வீட்டில் உதவும்.

திடீரென அறுந்துபோவது வேறு வகை. றமழான் இரவுகளில் மின்விளக்குப் போட்டு ஆடும் ஆட்டங்களில், பத்து வருடமாக ஓடாத நாற்பது வயதுக்காரர் ஒருவர் பந்தை நோக்கிப் பாய்வார். டப் என்று ஒரு சத்தம். பின்னால் எவரோ உதைத்ததாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார், எவரும் இருக்கமாட்டார். குதிகால் நாண் பெரும்பாலும் அறும் இடம் குதிக்கு மேலே 2 முதல் 6 சென்ரிமீற்றருக்குள். இரத்த ஓட்டம் மிகக் குறைந்த பகுதி அது. அறுந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்காலைப் பிதுக்கினால் நல்ல காலின் பாதம் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசைவே இராது. நடக்க முடிகிறதே என்று ஆறுதல் கொள்ளக்கூடாது. வேறு தசைகளின் துணையால் நொண்டி நடக்க முடியும். வெட்டித் தைப்பதா, வெட்டாமல் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுவதா என்று நீண்ட வாதம். நோர்வேயில் 526 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து இரு தரப்பாரின் நடையிலும் திருப்தியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தைக்காதவர்களில் 6.2 சதவீதம் பேருக்கு மறுபடி அறுந்தது, தைத்தவர்களில் 0.6 சதவீதம். தைத்தவர்களுக்கு நரம்புக் காயம் கூடுதலாக வந்தது.

எல்லாவற்றிலும் சிக்கலானது வெட்டுக்காயத்தில் அறும் விரல் நாண். கிரைண்டர், தகரம், உடைந்த கண்ணாடி, பெருநாள் கத்தி. விரலின் உட்பக்கம் ஒரு சிறு கீறல், இரண்டு தையலில் மூடிவிடக்கூடியது. உள்ளே நாண் முழுதாக அறுந்திருக்கலாம். ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் நாண் இரண்டு. ஒன்று நடு எலும்பில் முடிகிறது. மற்றது அதைப் பிளந்துகொண்டு நுனிவரை போகிறது. ஆழத்தில் ஓடும் நாண் மட்டும் அறுந்தால் விரல் நடுவில் மடங்கும், நுனி மடங்காது. நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொன்னால் உண்மை வெளிப்படும். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என்று இரண்டு இருக்கின்றன. எந்த வாசலுக்குப் போனாலும், இரத்தம் நின்றுவிட்டது என்பதோடு நிறுத்தாமல், நுனி மடங்கவில்லை, விரல் ஒரு பக்கம் விறைத்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அறுந்த நாணின் மேல்முனையைத் தசை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டுவிடும். சில நாட்களுக்குள் தைப்பது எளிது. வாரங்கள் போனால் முனை சுருங்கி, பாதை மூடி, வேறிடத்து நாணை எடுத்து ஒட்டும் நிலை வரும்.

அறுந்த நாணைத் தைக்கலாம் என்ற எண்ணமே மனிதனுக்குத் தாமதமாகத்தான் வந்தது. கிரேக்க வைத்தியர் காலன் நாணில் நரம்பும் கலந்திருப்பதாக நம்பினார். ஊசி பட்டால் வலிப்பு வரும் என்று எச்சரித்தார். கையில் வெள்ளையாகத் தெரியும் எதையும் நரம்பு என்று சொல்லும் நாம் அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அவர் சொல்லுக்கு ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மதிப்பிருந்தது. அந்தத் தடையை மீறி, அறுந்ததைத் தைக்கச் சொன்னவர் புகாராவுக்கு அருகே பிறந்த இப்னு சீனா. அவர் 1037இல் காலமானார். 1750களில் சுவிஸ் உடலியலாளர் ஆல்பிரெக்ட் ஃபொன் ஹாலர், நாணைக் குத்தினாலும் வெட்டினாலும் விலங்குகள் துடிக்கவில்லை என்று சோதித்துக் காட்டிய பிறகே காலனின் அச்சம் ஒழிந்தது.

ஆனாலும் விரலில் ஒரு பகுதி மட்டும் எவருக்கும் அடங்கவில்லை. உள்ளங்கைக் கோட்டிலிருந்து விரலின் நடுவரை இரண்டு நாண்களும் ஒரே குழாய்க்குள் ஓடும் பகுதி அது. அங்கே தைத்தால் தழும்பு நாணையும் குழாயையும் சேர்த்து ஒட்டிவிடும், விரல் கட்டையாகிவிடும். அமெரிக்காவின் ஸ்டேர்லிங் பனல் அதை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அழைத்து, அங்கே உடனடியாகத் தைக்கவேண்டாம், பிறகு வேறு நாணை ஒட்டுங்கள் என்றார். 1967இல் கென்டக்கியைச் சேர்ந்த ஹரோல்ட் கிளைனர்ட் குழுவினர் அந்த நிலத்திலேயே உடனே தைத்து, நல்ல பெறுபேறுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர்களின் சூட்சுமம் தையலில் பாதி, அதற்குப் பிறகு செய்ததில் பாதி. நகத்தில் ஒரு றப்பர் நாடாவைக் கட்டி, நோயாளி விரலைத் தானே நீட்ட, நாடா அதை மடக்கிக் கொண்டுவரும். தைத்த நாண் இழுபடாமலே குழாய்க்குள் நகர்ந்துகொண்டிருக்கும். ஒட்டுவதற்கு நேரம் கிடைக்காது.

தைத்த நாணுக்குள் நடப்பது மூன்று கட்டம். முதல் வாரத்தில் இரத்தக் கட்டியும் அழற்சிக் கலங்களும் காயத்தைத் துப்புரவாக்கும். பிறகு சில வாரங்கள் புதிய கொலாஜன் அவசர அவசரமாகக் கொட்டப்படும். இது மெல்லிய, ஒழுங்கற்ற வேறு வகைக் கொலாஜன். ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து அது சிறிது சிறிதாக அகற்றப்பட்டு, இழுவையின் திசையில் அடுக்கப்பட்ட தடித்த கொலாஜன் வரும். இதற்கு ஒரு வருடமும் போகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அப்போதும் பழைய நாண் திரும்புவதில்லை, தழும்புள்ள நாண்தான். நோயாளிக்குத் தெரியவேண்டியது ஒரு முரண். தைத்த இடம் மிகப் பலவீனமாக இருப்பது சத்திரசிகிச்சை நாளிலல்ல, அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து, வெளிக்காயம் ஆறி, நோவு தணிந்து, வீட்டார் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நாட்களில். அப்போது வாளியைத் தூக்கி அறுத்துக்கொள்பவர்கள் உண்டு. பொதுவாக ஆறு வாரம்வரை கையில் எதையும் இறுகப் பிடிக்கக்கூடாது. பாரமான வேலைக்கு மூன்று மாதம்.

தைக்கவே வழியில்லாத கைகளும் இருந்தன. மட்டக்களப்பு வாவி நடுவில் மாந்தீவு என்ற தீவில் குட்டரோக வைத்தியசாலை ஒன்று இருந்ததைக் கரையூர் ஆட்கள் அறிவார்கள். அந்த நோய் நரம்பைத் தின்றுவிடுவதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும், விரல்கள் வளைந்து இறுகும். சதை அழுகியதால்தான் அப்படி ஆகிறது என்று வைத்தியர்களே நம்பிய காலம். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், செங்கல்பட்டுக் குட்டரோக நிலையத்தில் ஒரு நோயாளியின் வளைந்த கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிர்பாராத பலத்தோடு அது அவர் கையை நெரித்தது. முன்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன. செத்தவை உள்ளங்கைத் தசைகள் மட்டும். அப்படியானால் பலமுள்ள தசையின் நாணைக் கொண்டுவந்து பலமில்லாத வேலைக்குப் போடலாமே என்று தோன்றியது. ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் நாண் இரண்டு இருக்கின்றனவே, ஒன்றை எடுத்தாலும் விரல் மடங்கும். போலியோ நோயாளிகளிடம் முன்பே செய்த முறையை வேலூரில் 1940களின் இறுதியிலிருந்து இந்த நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். ஒரு நாணை நான்காகப் பிளந்து நான்கு விரல்களுக்கும் கொடுத்தார்கள். மோதிர விரலின் உபரி நாணைப் பெருவிரலுக்குத் திருப்பினார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூளைக்கு ஒரு குழப்பம். பெருவிரலை அசை என்று நினைத்தால் ஒன்றும் நடக்காது. மோதிர விரலை மடக்கு என்று நினைத்தால் பெருவிரல் உள்ளங்கைக்குக் குறுக்கே வரும். நாளாவட்டத்தில் அந்தத் தசை தனது புதிய வேலையைப் பழகிக்கொள்ளும். நோயாளி மோதிர விரலை நினைப்பதை விட்டுவிடுவார். கை சரியானவர்கள் திரும்பிப் போக ஊர் இடம் தரவில்லை என்பதால் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அமைத்துத் தச்சுவேலை பழக்கினார்கள். அங்கே புதிய காயங்கள் வந்தன. நாண் மாற்றத்தால் பிடிக்கும் பலம் வந்ததே தவிர உணர்ச்சி வரவில்லை. நோவு தெரியாத கை சுத்தியலையும் உளியையும் தேவைக்கு மீறி நெரித்துப் பிடித்துத் தன்னையே புண்ணாக்கிக்கொண்டது. எந்தக் கருவியால் எந்த விரலில் எங்கே புண் என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து, கருவிகளின் பிடிகளைத் தடிப்பாகவும் மழமழப்பாகவும் மாற்றிக் கொடுத்தார்கள்.